முன் சக்கரம்

ஐந்து பத்துக்கு ஆலைச் சங்கு.
அதற்குள் காற்றடித்து முடித்திருப்பேன்,
முன்னுக்கு நூறு, பின்னுக்கு நூற்றைந்து.
நேற்றைய சோறு, நெத்திலிச் சம்பல்,
தொடை இடுக்கில் ஒரு கை பவுடர்.
லயத்து நாய்கள் என்னைப் பார்த்துக் குரைப்பதை விட்டுவிட்டன.
ஹஸ்லிண்டாவை மட்டும் இன்னும் துரத்துகின்றன.

கெட்டில் ஆற்றுப் பாலத்தில் சேர்ந்துகொள்வாள்.
முன்விளக்கை ஒருமுறை அணைத்து எரிப்பாள்.
அதுதான் வணக்கம். வேறு பேச்சில்லை.

ஐஸ்பெட்டியில் ஒட்டிய தாள் சொல்கிறது:
எட்டு நிமிடம், நான்கு முறை.
புனிதவதி முன்னால், ஹஸ்லிண்டா பின்னால்,
மாறக் கூடாது.
அலோர் ஸ்டாரிலிருந்து அனுப்பியவர் காரணம் எழுதவில்லை.
எங்களுக்குத் தெரியும்.
கடைசி இருநூறு மீட்டரில் அவளிடம் இருப்பது
என்னிடம் இல்லை.
அதுவரைக்கும் என்னிடம் இருப்பது
கெடாவில் யாரிடமும் அதிகம் இல்லை.

ஆகவே காற்று என் பொறுப்பு.
பாலிங் சாலையில் எத்தனை காற்று என்று என்னைக் கேளுங்கள்.
செம்பனைக்குள் படுத்துக் கிடந்துவிட்டு
மறுநடவு வெட்டவெளியில் எழுந்து அறைவது.
ஆலைக் குட்டையின் புளிப்போடு வந்து
நாக்கில் உட்கார்ந்துகொள்வது.
குலை லோரி கடக்கையில் ஒரு நொடி உறிஞ்சி
மறு நொடி துப்புவது.
எல்லாம் முதலில் என் நெஞ்சில்தான் மோதும்,
கிழிந்து
அவளுக்கு இருபுறமும் போகும்.

அவள் விளக்கு வெளிச்சத்தில் என் இடது கை பேசும்.
குழி என்றால் ஒரு விரல்,
உதிரிப் பழம் சிதறிக் கிடந்தால் விரித்த உள்ளங்கை.
மூன்று வருடம் இப்படி.
அவள் முகத்தைவிட மூச்சை எனக்கு நன்றாகத் தெரியும்.
மூன்றாம் சுற்றில் அதில் விசில் போல ஒன்று சேரும்,
உடனே வேகத்தில் ஒன்று குறைப்பேன்.
குறைப்பது அவளுக்குத் தெரியுமா, கேட்டதில்லை.

ஆறு ஐம்பதுக்குக் கையுறைத் தொழிற்சாலை பஸ்.
வியர்வை காயுமுன் சீருடை.
நாளெல்லாம் நின்றபடி
கையுறைக்குள் காற்றடைத்து ஓட்டை தேடும் வேலை.
அங்கேயும் காற்றுதான், என்ன ஜாதகமோ.
சம்பளத்தில் பாதி ஆ செங் கடைக்கு:
கார்பன் சட்டத்தின் முன்பாதி எனக்குச் சொந்தம்,
பின்பாதிக்கு இன்னும் ஏழு மாதத் தவணை.

மாநிலப் போட்டியில் அவள் மூன்றாவது. நான் முப்பத்தெட்டு.
கடைசித் திருப்பம் முடிந்ததும் இடப்பக்கம் ஒதுங்கினேன்.
அவள் போனாள்.
பிறகு எல்லோரும் போனார்கள்,
தகரக் கூரைமேல் மழை நடந்து போவது மாதிரி.
திங்கட்கிழமை சூப்பர்வைசர் கேட்டார், எத்தனாவது?
மூணு என்றேன்.
பொய்யில்லை என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

செவ்வாய். பாலம். விளக்குச் சிமிட்டல்.
தமிழ்ப்பள்ளி தாண்டி வேகம் கூட்டப் போகையில்
வலப்பக்கம் ஒரு சக்கரம் ஏறி வந்தது,
கடந்தது,
என் முன்னால் போய்ப் பொருந்திக்கொண்டது.
தாள்! என்று கத்தினேன். திரும்பவில்லை.

என் விளக்கு முதன்முறையாக அவள் முதுகில் விழுந்தது.
பையில் ஒரு வாழைப்பழம்,
தலைக்கவசத்துக்குக் கீழே நனைந்த துடோங் நுனி.
காற்று நின்றுவிட்டது.
நிற்கவில்லை, மட்டைகள் ஆடிக்கொண்டுதான் இருந்தன,
என்னிடம் வரவில்லை, அவ்வளவுதான்.
இப்படி ஓர் அறை
என் முதுகுக்குப் பின்னாலேயே இருந்திருக்கிறது,
மூன்று வருடமாக,
நான் ஒருநாளும் உள்ளே போகாமல்.

கால்கள் தாமாகச் சுற்றின.
காதில் இரைச்சல் இல்லாததால்
என்னென்னவோ கேட்டது.
எங்கோ சேவல். என் மூச்சு.
அதற்கும் அடியில், விடாமல்,
எலிக்குஞ்சு மாதிரி ஒரு கீச்.

என் சங்கிலி.
எண்ணெய் போட்டு எத்தனை நாளோ.
அவள் எத்தனை நாளாய்க் கேட்டுக்கொண்டு வருகிறாளோ.